அம்மாவோட கால் வீக்கம் பிரஷர் மாத்திரையாலயா?

எல்லாருக்கும் வணக்கம், ஒரு சந்தேகம். அம்மாவுக்கு 62 வயசு, பிரஷருக்கு ரெண்டு வருஷமா அம்லோடிபின் 5 எம்ஜி போட்டுட்டு இருந்தாங்க, போன மாசம் 160/100 காட்டுச்சுன்னு டாக்டர் 10 ஆக்கிட்டார். அதுலேர்ந்து சாயங்காலம் ஆனா ரெண்டு கணுக்காலும் வீங்கிடுது, நேத்து கொலுச சோப்பு போட்டுதான் கழட்டுனோம், விரல வச்சு அமுக்குனா குழி அப்டியே நிக்குது. காலைல எந்திரிச்சா வத்திடுது. மூச்சு வாங்கல, கிட்னி டெஸ்ட் நார்மல்.

இதுல இன்னொரு கூத்து, முட்டி வலிக்குன்னு தெருமுனை மெடிக்கல்ல சீட்டு இல்லாமலே டைக்ளோஃபினாக் வாங்கி மூணு மாசமா தினம் ஒண்ணு போட்டுருக்காங்க, தலகாணி உறைக்குள்ள அட்டை கெடச்சப்பதான் எங்களுக்கே தெரியும். அந்த வலி மாத்திரையே பிரஷர ஏத்தும், உடம்புல நீர் கோக்க வைக்கும், கிட்னிக்கும் ஆகாதுன்றாங்க. அப்ப பிரஷர் ஏறுனதே அதனாலதானோ? அத நிறுத்தியாச்சு, பிரஷர் மாத்திரைய நாங்களா நிறுத்தல, டாக்டர் திங்கக்கெழமதான் வருவார்.

யாருக்காச்சும் அம்லோடிபின்ல இப்டி வீங்கி, டோஸ் கொறச்சோ டெல்மிசார்டன்னு வேற பிரஷர் மாத்திரை சேத்தோ சரியாச்சா? எத்தன நாள்ல வத்துச்சு? முட்டிக்கு பாராசிட்டமால் தவிர என்ன பண்றீங்க? பக்கத்து வீட்டு அக்கா அவங்களோட நீர் மாத்திரையவே குடுக்குறாங்க, நான் வாங்கல.