தைராய்டு அகற்றிய பின் தலையில் கட்டி: புற்றுநோய்ப் பரவலாக இருக்குமா?

கேள்வி (சுங்கை சிப்புட்):
அனைவருக்கும் வணக்கம். பால்மரம் வெட்டி எங்களை வளர்த்த என் அம்மாவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஃபோலிகுலர் வகைத் தைராய்டு புற்றுநோய் கண்டு, சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டது. அண்மையில் அவருக்குத் தலைவாரிவிடும்போது பின்மண்டையில் வலியற்ற, மெத்தென்ற கட்டி ஒன்று தட்டுப்பட்டது. அழுத்தினால் நாடியைப் போல் துடித்தது. தோட்டத்தில் எல்லாரும் கொழுப்புக் கட்டி என்றார்கள். ஈப்போவில் ஊசி மூலம் எடுத்த திசுவிலோ தைராய்டு செல்கள் இருக்கின்றனவாம். சுரப்பியே இல்லாதவருக்கு இது எப்படி வந்தது?

பதில் (ஓய்வுபெற்ற தாதி, தைப்பிங்):
சகோதரி, அறுவைக்கு முன்பே இரத்தத்தில் கலந்துவிட்ட செல்கள் வேறிடத்தில் தங்கி, பல ஆண்டுகள் கழித்தும் வளரக்கூடும். தைராய்டு புற்றுநோயின் இன்னொரு வகையான பாப்பில்லரி பெரும்பாலும் கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குச் செல்லும். ஃபோலிகுலர் வகையோ இரத்த நாளங்களுக்குள் புகுவதால் நுரையீரலையும் எலும்பையும் நாடும். மண்டையோடு, தலைத்தோல், சிறுநீரகம், அதன் மேலுள்ள அட்ரினல் சுரப்பி, தசை, கண் ஆகியவற்றில் பரவுவது அரிது என்றாலும் மருத்துவர்கள் கண்டறிந்ததுதான். இத்தகைய கட்டியில் இரத்த ஓட்டம் மிகுதி; தயவுசெய்து எந்தக் கிளினிக்கிலும் அதைக் கீற விடாதீர்கள். சுரப்பி இல்லாதவரின் இரத்தத்தில், தைராய்டு செல்கள் உண்டாக்கும் புரதமான தைரோகுளோபுலின் மிகக் குறைவாகவே இருக்க வேண்டும். அது ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள்.

பதில் (பினாங்கு):
என் தந்தையும் இதே வழியில் சென்றவர். முதலில் கேட்க வேண்டியது, கட்டி அயோடினை உறிஞ்சுகிறதா என்பதுதான். உறிஞ்சினால் கதிரியக்க அயோடின் 131 பயன்படும். அதற்கு முன் அயோடின் கலந்த உப்பு, நெத்திலி, கடற்பாசி எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார்கள். அயோடின் சாயம் ஏற்றி சிடி ஸ்கேன் எடுத்திருந்தால் அதையும் மறவாமல் சொல்லுங்கள். அந்தச் சாயம் சிகிச்சையைத் தள்ளிப்போடும். உறிஞ்சாத நோய்க்கு சோராஃபெனிப், லென்வாட்டினிப் மாத்திரைகள் உண்டு. அமெரிக்காவில் அவற்றுக்கு 2013, 2015இல் ஒப்புதல் கிடைத்தது. மிகக் கொடிய அனாபிளாஸ்டிக் வகை அயோடினை ஏற்காது. அதில் பிராஃப் வி600இ மரபணு மாற்றம் இருப்போருக்கு 2018 முதல் டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் இரண்டையும் சேர்த்துத் தர அங்கே ஒப்புதல் உண்டு. ஆகவே திசு அறிக்கையில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அறிக்கையில் ஃபோலிகுலர் என்றே இருக்கிறது. அம்மா சில வாரங்களாக முதுகு வலிப்பதாகவும் கால் மரத்துப்போவதாகவும் சொல்கிறார். வயதின் காரணம் என்கிறார்.

பதில் (தைப்பிங்):
அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். எலும்பில் பரவல் இருந்து அது தண்டுவடத்தை அழுத்தினால் காலின் பலமே போய்விடக்கூடும். இன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்; பழைய நோயின் பெயரை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.