மும்பையில் ஒரு சந்தை இருக்கும்போதே என்எஸ்இ எதற்கு?

திண்ணைவாசி கேட்டது:
பிஎஸ்இ (மும்பைப் பங்குச்சந்தை) 1875லிருந்து நடக்கிறது. அப்படியிருக்க 1992ல் ஐடிபிஐ முதலான நிதி நிறுவனங்கள் கூடி என்எஸ்இ (தேசியப் பங்குச்சந்தை) என்று இன்னொரு பங்குச்சந்தையை ஏன் தொடங்கின? வங்கிப் பணத்தைத் திருப்பிப் பங்கு விலைகளை ஏற்றிய புரோக்கர் ஹர்ஷத் மேத்தாவின் ஊழல்தான் காரணம் என்று எல்லாரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கூடவே ஒரு நடைமுறைக் கேள்வி: திங்கட்கிழமை ஒருவர் பங்கு வாங்குகிறார், விற்றவர் கொடுக்கவில்லை. யார் பொறுப்பு? புரோக்கரா, எக்ஸ்சேஞ்சா?

கணக்கன்77:
ஊழல் வெடித்தது 1992 ஏப்ரலில். புதிய தேசியச் சந்தை வேண்டும் என்று அரசு அமைத்த பெர்வானி குழு 1991லேயே சொல்லிவிட்டது. ஊழல் வேலையை வேகப்படுத்தியது, அவ்வளவுதான்.

நோய் வேறு இடத்தில். அன்றைய பிஎஸ்இ புரோக்கர்களின் சங்கம். விதி போடுபவரும் வியாபாரம் செய்பவரும் ஒரே ஆள். தளத்தில் கூவி முடித்த விலை என்ன என்று ஊரில் இருக்கும் வாடிக்கையாளருக்குத் தெரிய வழியில்லை. நாளின் உச்ச விலையில் வாங்கியதாகவும், அடி விலையில் விற்றதாகவும் சீட்டு வந்தால் மறுத்துப் பேச முடியாது.

என்எஸ்இயில் உரிமை நிறுவனங்களிடம். புரோக்கர் வெறும் உறுப்பினர். 1994 ஜூனில் முதலில் திறந்தது கடன்பத்திரப் பிரிவு. பங்கு வர்த்தகம் அதே ஆண்டு நவம்பர் 3ல்தான். விசாட் கிண்ணம் (செயற்கைக்கோள் இணைப்பு) மொட்டைமாடியில் இருந்தால் எந்த ஊரிலும் மும்பையின் அதே வர்த்தகக் கணினித் திரை. ஒரே விலைக்கு இரண்டு ஆர்டர் நின்றால் முந்தி வந்ததற்கே முதலில். ஓராண்டு ஆவதற்குள் வர்த்தக அளவில் பிஎஸ்இயைத் தாண்டிவிட்டது. பிஎஸ்இயும் 1995ல் திரைக்கு மாறியது. 1937ல் தொடங்கிய சென்னைப் பங்குச்சந்தை போன்ற மாநிலச் சந்தைகள் இதில் வற்றிப்போயின. சென்னை 2015ல் முறைப்படி வெளியேறியது.

பத்திரப்பெட்டி:
கணக்கன் சொன்னது சரி, ஆனால் திரை பாதிக் கதைதான். ஆர்டர் மேட்ச் ஆவது சுலபம். பங்கும் பணமும் கைமாறுவதுதான் அன்று பெரும்பாடு. பங்குச் சான்றிதழையும் பெயர் மாற்றுப் பத்திரத்தையும் கம்பெனிக்கு அனுப்பினால் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று மாதங்கள் கழித்துத் திரும்பி வரும். அதற்குப் பெயரே ‘பேட் டெலிவரி’. கணக்கு முடிப்பு வாரம் ஒருமுறை. அதிலும் பிஎஸ்இக்குத் திங்கள் முதல் வெள்ளி, என்எஸ்இக்குப் புதன் முதல் செவ்வாய். இங்கே தவணை முடியும்போது அங்கே தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கலாம். சூதாட்டத்துக்கு இதைவிட வசதி வேண்டுமா?

என்னைக் கேட்டால் உண்மையான மாற்றம் 1996தான். ஏப்ரலில் என்எஸ்இயின் கிளியரிங் கார்ப்பரேஷன் (கணக்கு முடித்துக் கொடுக்கும் நிறுவனம்) வேலையைத் தொடங்கியது. நவம்பரில் என்எஸ்டிஎல் என்ற டெபாசிட்டரி (பங்குகளைக் கணக்கில் வைத்துக் காக்கும் நிறுவனம்) வந்து பங்கு டிமேட் ஆனது, அதாவது காகிதம் போய் மின்னணுக் கணக்கில் ஏறியது. கிளியரிங் கார்ப்பரேஷன் விற்பவருக்கு வாங்குபவராகவும், வாங்குபவருக்கு விற்பவராகவும் நடுவில் நிற்கும். எதிர்த்தரப்பு யார் என்ற கவலை போனது. அது இல்லாமல் கணக்கு முடிப்பை டி+3 (வர்த்தக நாளுக்கு மூன்று வேலை நாள் கழித்து, 2002), டி+2 (2003) என்று சுருக்கிக்கொண்டே வந்து, 2023 ஜனவரியில் எல்லாப் பங்குக்கும் டி+1 ஆக்கியிருக்க முடியாது.

திண்ணைவாசி கேட்டதற்கு: திங்கள் வாங்கிய பங்கு செவ்வாய் வராவிட்டால், அன்றே கிளியரிங் கார்ப்பரேஷன் ஏலம் நடத்தி வாங்கும், புதன் உங்கள் கணக்குக்கு வரும். ஏலத்தில் விற்க ஆளே இல்லையென்றால் ‘குளோஸ்-அவுட்’, அதாவது பங்குக்குப் பதில் பணம். வர்த்தக நாள் முதல் ஏல நாள் வரை இருந்த உச்ச விலை, ஏல நாள் முடிவு விலையோடு 20 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது. அந்தச் சுமை கொடுக்கத் தவறியவர் தலையில்.

இது பெரும்பாலும் எப்படி நடக்கிறது? இன்ட்ராடேயில் (அன்றே வாங்கி விற்று முடிக்கும் வர்த்தகத்தில்) கையில் இல்லாத பங்கை முதலில் விற்றுவிட்டு, அது அப்பர் சர்க்யூட்டில் (அன்றைய விலை உயர்வு வரம்பில்) பூட்டிக்கொள்ள, திரும்ப வாங்க முடியாமல் மாட்டுவதுதான்.

திண்ணைவாசி:
அப்படியானால் திங்கள் வாங்கி, பங்கு வருமுன்பே செவ்வாய் காலை விற்பது?

பத்திரப்பெட்டி:
அங்கேதான் ஆபத்து. உங்களுக்கு விற்றவர் தவறினால் செவ்வாய் பங்கு வராது. செவ்வாய் விற்றதற்குப் புதன் நீங்கள் கொடுக்க வேண்டும். ஏலப் பங்கு நேரத்துக்கு வந்து சேராவிட்டால் இப்போது தவறியவர் நீங்கள். சர்க்யூட் தொடும் சிறு பங்குகளில் இந்த வேலையே வேண்டாம்.

ரசீதுராசா:
ஒரு திருத்தம் சேர்க்கிறேன். இந்த உத்தரவாதம் எக்ஸ்சேஞ்சில் நடந்த வர்த்தகத்தின் செட்டில்மென்டுக்கு (கணக்கு முடிப்புக்கு) மட்டும். உங்கள் பணத்தைப் புரோக்கர் கையாடினால் கிளியரிங் கார்ப்பரேஷன் வராது. முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியில் மனுப் போட வேண்டும், அதற்கும் உச்சவரம்பு உண்டு. ‘மாதம் இத்தனை சதவீதம் உறுதி’ என்று சொல்லி வாங்கிய பணத்துக்கு அதுவும் கிடையாது. ஆகவே புரோக்கர் ஆப் காட்டும் இருப்பை நம்பி விடாமல், டெபாசிட்டரியிலிருந்து நேரடியாக வரும் மாதக் கணக்கு அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டெபாசிட்டரியில் பதிந்த மொபைல் எண் உங்களுடையதுதானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். புரோக்கரின் ஆள் எண் பதிவாகியிருந்தால் பங்கு வெளியே போகும்போது எஸ்எம்எஸ் உங்களுக்கு வராது.