ஷையேன் மொழி: மொன்டானா, ஓக்லஹோமா பக்கம் இருப்பவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். வட அமெரிக்கப் பழங்குடிகளின் ஷையேன் மொழியைப் பற்றித் தமிழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். வடக்கு ஷையேன் மக்கள் மொன்டானாவிலும், தெற்கு ஷையேன் மக்கள் ஓக்லஹோமாவிலும் வாழ்கிறார்கள். உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் தாய்மொழி பேசினாலே தண்டித்த காலம் ஒன்று இருந்தது. அதன் விளைவு, இன்று சரளமாகப் பேசுபவர்கள் பெரும்பாலும் முதியவர்கள்தான். அதனால்தான் எனக்கு அவசரம்.

என்னை ரொம்பவே ஈர்த்தது அதன் ஒலி. சொல்லின் கடைசி உயிரொலி குரலே எழாமல் வெறும் மூச்சாக வரும். சொல்லின் நடுவிலும் அப்படி வருவதுண்டு. அங்கே எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைக்கிறார்கள். இந்த மொழிக்கு மொத்தம் 14 எழுத்துகள். ரொடால்ஃப் பெட்டர் என்ற மதபோதகர் 1915 வாக்கில் வெளியிட்ட பெரிய அகராதி இருக்கிறது. ஆனால் இந்த மூச்சொலியை ஏட்டில் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது, காதால் கேட்க வேண்டும்.

மொன்டானாவின் பில்லிங்ஸ் நகரப் பக்கம் யாராவது இருந்தால், லேம் டியரில் உள்ள சீஃப் டல் நைஃப் கல்லூரியில் வெளியாட்கள் கேட்கக்கூடிய ஒலிப்பதிவுகள் உண்டா என்று விசாரித்துச் சொல்லுங்கள். அனுமதி இல்லாத எதையும், முக்கியமாகச் சடங்குப் பாடல்களை, பதிவு செய்ய வேண்டாம். அவை அந்த மக்களுக்கே உரியவை.

அப்புறம், ஷையேன் சேர்ந்திருக்கும் அல்கோன்கியக் குடும்ப மொழிகளைப் படித்தவர்கள் இருந்தால் என் வரைவைத் திருத்தித் தர முடியுமா? உள்பெட்டியில் சொன்னால் அனுப்பிவைக்கிறேன்.