ஏரிக்கரைப் பூங்கா: கன்றுக்குப் பணம் வேண்டாம், இரண்டு கோடைக்குத் தண்ணீர் வேண்டும்

ஊர்ச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஐப்பசியில் ஊருக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு முந்தாநாள்தான் சிங்கப்பூர் திரும்பினேன். ஏரிக்கரைப் பூங்காவில் நம் பிள்ளைகள் கன்று நடும் படங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நானும் அவர்களோடு பதினோரு நாள் மண்வெட்டி பிடித்தேன். படத்தில் தெரியாத சில விஷயங்களை எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் ஒரு வருத்தம். சில வருடங்களுக்கு முன் நாம் எல்லாரும் ஆளுக்கொரு கன்று என்று பணம் அனுப்பினோமே, நினைவிருக்கிறதா? அந்தக் கன்றுகளில் ஒன்றுகூட இன்று இல்லை. பெயர்ப் பலகைகள் மட்டும் நிற்கின்றன. அதில் ஒன்று என் அப்பா பெயர் எழுதியது. அதன் அடியில் சீமைக்கருவேலம் முளைத்திருந்தது. பிடுங்கும்போது கை நடுங்கியது.

நமக்குத் தெரிந்த பூங்கா இப்போது இல்லை. ஆழ்துளைக் கிணறு வற்றிய வருடமே புல்தரை காய்ந்துவிட்டதாம். அப்புறம் முள் ஏறியது. ஊஞ்சல் இருந்த மூலையில் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு நின்றது.

சீமைக்கருவேலத்தை வெட்டினால் வேலை முடியாது. தரையோடு வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்த்துவிடும். அடிக்கட்டையை வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். பெரிய கட்டைகளை ஜேசிபி வைத்து எடுத்தார்கள், மற்றதெல்லாம் கைவேலை. அதன் நெற்றை ஆடு மாடு விரும்பித் தின்னும், விதை சாணத்தோடு வந்து விழும். அதனால் இன்னும் சில வருடங்களுக்கு மழை பெய்து மண் இளகும்போதெல்லாம் போய்ச் சிறு செடியாகவே பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டும். வெட்டிய முள்ளை அவர்கள் வீணாக்கவில்லை. நெற்று இல்லாத கிளைகளாகப் பார்த்து, ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் ஆடு வாய் வைக்காதபடி முள்வேலியாகக் கட்டிவிட்டார்கள். இதை யோசித்த பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

என்ன மரம் வைப்பது என்பதற்கு அவர்கள் கேட்டது நம் ஊரில் ஆடு மேய்க்கும் தாத்தாவை. அவர் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையோரச் சரிவுகளில் அவர்களை நடக்கவிட்டு, “யாரும் தண்ணி ஊத்தாம எது நிக்குதுன்னு பாருங்கடா” என்றாராம். ஆச்சா, உசில், வெக்காலி, வெள்வேல், கொன்றை, புரசு. மேட்டுப் பக்கத்துக்கு இவைதான். கரையை ஒட்டிய ஈர மண்ணுக்குப் புங்கன், நாவல், நீர்மருது, இலுப்பை. காவிரிக் கரையில் நீர்மருது எப்படி நிற்கிறது என்று ஒகேனக்கல் போனவர்களுக்குத் தெரியும். வேலி ஓரமெல்லாம் ஆவாரை. பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவைச் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறோம் என்று அம்மா சொன்னபோது எனக்கு மனசு கேட்கவில்லை. நாம் சிறுவயதில் ஓடிப்போய் ஒடித்துக்கொண்டு வந்த பூ அது.

விதை வேலையையும் தாத்தா சொன்னபடிதான் செய்திருக்கிறார்கள். வேப்பங்கொட்டை பொறுக்கிய இரண்டு வாரத்துக்குள் போட்டுவிட வேண்டும், நாள் ஆனால் முளைக்காது. கொன்றை விதைக்குத் தோல் கெட்டி, வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். ஆச்சாவுக்குத்தான் ரொம்பப் பொறுமை வேண்டும். அது முதலில் ஆணிவேரைக் கீழே இறக்கும், அதற்குப் பிறகுதான் மேலே வளர்வதை நினைக்கும். அதனால் நீளமான பைகளில் வளர்த்து, வேர் மடங்காமல் ஆழக் குழி எடுத்து நட்டிருக்கிறார்கள். இரண்டு மூன்று வருடம் அது முழங்கால் உயரக் குச்சியாகவே தெரியலாம். படம் பார்த்துவிட்டு “இன்னும் வளரவே இல்லையே” என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். அது கீழே வளர்ந்துகொண்டிருக்கும்.

துபாயில் இருக்கும் அண்ணன், சீக்கிரம் நிழல் வரும், பூவும் அழகு, குல்மொகர் வரிசையாக வைக்கலாமே என்று கேட்டிருந்தார். அண்ணா, நீங்கள் அக்கறையோடுதான் கேட்டீர்கள். ஆனால் அது மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். வேர் மேலாகவே ஓடும், கிளை எளிதில் முறியும். சித்திரை வைகாசியில் நம் பக்கம் அடிக்கிற காற்றில் அதன் கீழே பிள்ளைகளை விளையாட விட எனக்குப் பயமாக இருக்கிறது. நிழல்தான் வேண்டுமென்றால் புங்க நிழலுக்கு ஈடு உண்டா? அதில் பூ வந்தால் தேனீயும் வரும்.

சரி, பணத்துக்கு வருகிறேன். “என் பெயரில் ஒரு கன்று” என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். கன்று ஒரு செலவே இல்லை, நாற்றங்காலில் மிச்சமே இருக்கிறது. போன தடவை நாம் கன்றுக்குக் கொடுத்தோம், மாசி முதல் வைகாசி வரை ஊற்ற வேண்டிய தண்ணீருக்கு யாரும் கொடுக்கவில்லை. அதனால்தான் பலகை மட்டும் மிஞ்சியது. இந்தத் தடவை இரண்டு கோடைக்கும் வாரம் இரண்டு நடை, கன்றுக்கு ஒரு குடம் என்று ஊற்ற வேண்டும். டேங்கர் தண்ணீருக்கும், ஊற்றிக் காவல் பார்க்கும் அக்காவுக்கு மாதச் சம்பளத்துக்கும் மட்டும் கொடுங்கள். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மாதம் தவறாமல் போனால்தான் அவரும் தவறாமல் வர முடியும். பெயர்ப் பலகை எதுவும் வேண்டாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள், நானும் அதையே கேட்டுக்கொள்கிறேன். அப்பா பெயர் இருந்த பலகையை நானே கழற்றி வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன்.

இன்னொரு உதவி, இதற்குக் காசு தேவையில்லை. உங்கள் அம்மா அப்பா, தாத்தா பாட்டியிடம் போனில் கேளுங்கள்: ஏரிக்கரையில் அந்தக் காலத்தில் என்னென்ன மரம் நின்றது, எந்த இடத்தில் நின்றது? எங்கள் வீட்டுக்குத் தெற்கே இருக்கிற நிலத்துக்கு இன்றும் ஆச்சாமரத்துக் கொல்லை என்றுதான் பெயர். என் வயதுக்காரர்கள் யாரும் அங்கே ஆச்சாவைப் பார்த்ததில்லை. பாட்டிதான் சொன்னார், அதன் பட்டையில் நார் உரித்துக் கயிறு திரிப்பார்களாம். இப்படி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மரத்தின் நினைவாவது இருக்கும். எழுதி அனுப்புங்கள், அடுத்த ஆடியில் போட வேண்டிய விதைகளை அதை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறோம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பூங்காவுக்கு வாருங்கள். தோல் கையுறை கிடைத்தால் நாலைந்து ஜோடி வாங்கி வாருங்கள். துணிக் கையுறையை அந்த முள் துளைத்துவிடுகிறது, பிள்ளைகள் கையெல்லாம் காயம்.