ஹெடரில் யூஸிங் நேம்ஸ்பேஸ்: இந்த எச்சரிக்கையை அணைத்தால் என்ன?

எபேன்_இரவுப்பணி:
எங்கள் சி++ ப்ராஜெக்டின் பில்டை ஜிசிசி கம்பைலரிலிருந்து கிளாங் கம்பைலருக்கு மாற்றி எல்லா எச்சரிக்கைகளையும் திறந்துவிட்டோம். அவ்வளவுதான், ஹெடர்-ஹைஜீன், ஹெடர்-ஹைஜீன் என்று ஒரே புலம்பல். காரணம் ஒரே ஒரு பழைய ஹெடரில் (மற்ற ஃபைல்கள் இன்க்ளூட் என்று உள்ளே இழுத்துக்கொள்ளும் ஃபைல்) ஒரே வரி, யூஸிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி, அதாவது ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் பெயர்களை எஸ்டிடி:: ஒட்டாமலே எழுதவிடும் வரி. அதை இன்க்ளூட் செய்கிற ஒவ்வொரு சிபிபி ஃபைலுக்கும் (சி++ நிரல் ஃபைல்) திரும்பத் திரும்ப வருகிறது. ஜிசிசி இத்தனை வருடம் வாயே திறக்கவில்லை. அணைத்துவிடலாம் என்கிறேன்.

ரோஸ்ஹில்_தம்பி:
வேண்டாம் அண்ணே. சிபிபி ஃபைலில் எழுதினால் உங்களோடு போயிற்று. ஹெடரில் எழுதினால் இன்க்ளூட் செய்கிறவன் தலையிலெல்லாம் விடியும், அவன் நினைத்தாலும் அதை ரத்து செய்ய வழி கிடையாது.

எபேன்_இரவுப்பணி:
பெயர் மோதினால் கம்பைலரே எரர் கொடுக்குமே தம்பி, அப்போது பார்த்துக்கொண்டால் போகிறது.

ரோஸ்ஹில்_தம்பி:
பார்த்தோமே! காவடி விடுமுறைக்கு முந்தின நாள் சி++ மொழியின் சி++17 பதிப்புக்கு மாறினோம். அதில்தான் எஸ்டிடி::பைட் புதிதாக வந்தது, விண்டோஸ் ஹெடரிலோ பைட் என்று ஏற்கெனவே ஒரு டைப்டெஃப் (ஒரு டைப்புக்கு வைத்த மாற்றுப்பெயர்) உண்டு. எங்கள் ஹெடர் முதலில், விண்டோஸ் ஹெடர் அடுத்து. எரர் முழுக்க மைக்ரோசாஃப்ட் ஃபைலுக்குள்ளே காட்டுகிறது, நாங்கள் தொடாத ஃபைல். இன்க்ளூட் வரிசையை மாற்றினால் சரியாகிவிடுகிறது, ஏன் என்று புரிய ராத்திரி ஆகிவிட்டது.

மாஹேபூர்_அக்கா:
அது எரர் வந்ததால் பிழைத்தீர்கள். வராமல் போவதுதான் பயம். நம்ம மொரிஷியஸில் போர்ட் லூயிஸிலிருந்து கூர்ப்பிப் எவ்வளவு தூரம் என்று கணக்கிட டிஸ்டன்ஸ் என்று சொந்த ஃபங்ஷன் வைத்திருக்கிறீர்கள், கான்ஸ்ட் (மாற்றக் கூடாத) டபுள் எண்ணைக் காட்டுகிற பாயிண்டர் இரண்டு வாங்குகிறது என்று வையுங்கள். கான்ஸ்ட் இல்லாத அரேயைக் கொடுத்துக் கூப்பிட்டால் எஸ்டிடி::டிஸ்டன்ஸ் இன்னும் நெருக்கமாகப் பொருந்தும், கம்பைலர் அதைத்தான் எடுக்கும். கிலோமீட்டருக்குப் பதில் இரண்டு பாயிண்டருக்கு இடைப்பட்ட ஏதோ ஒரு எண். கம்பைலர் மூச்சு விடாது.

எபேன்_இரவுப்பணி:
அக்கா, இதெல்லாம் நடக்கிற கதையா? அப்படிப் பார்த்தால் வெளி லைப்ரரி ஹெடர்களிலும் இதே வரி இருக்கிறது, அதை யார் திருத்துவது?

மாஹேபூர்_அக்கா:
அந்த ஹெடர்கள் இருக்கும் ஃபோல்டரைக் கம்பைலரின் ஐசிஸ்டம் ஆப்ஷனில் கொடுங்கள், சிஸ்டம் ஹெடர் என்று நினைத்து எச்சரிக்காது. உங்கள் ஹெடருக்கு மட்டும் அந்தச் சலுகை வேண்டாம். சுருக்கமாக எழுத ஆசையென்றால் ஃபங்ஷனுக்குள்ளே யூஸிங் போட்டுக்கொள்ளுங்கள், அதற்கு யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

எபேன்_இரவுப்பணி:
இப்போதுதான் கிரெப் போட்டு எல்லா ஃபைலிலும் தேடினேன். டிஸ்டன்ஸ் எங்களிடமும் இருக்கிறது, கான்ஸ்ட் பாயிண்டரோடு. சரி, எடுத்துவிடுகிறேன். ஆனால் ஒவ்வொரு வெக்டர், ஸ்ட்ரிங் முன்னாலும் எஸ்டிடி ஒட்டுகிற வேலைக்கு தம்பி எபேனுக்கு வரவேண்டும், தோல் பூரி (பருப்பு வைத்த பூரி) என் செலவு.