ரோடு பைக் சீட்டு: மூன்று வருடம் நான் பட்ட பாடு, உங்கள் கதையையும் சொல்லுங்கள்

வேளச்சேரி, சென்னை

எங்கே வலிக்கிறது என்று வீட்டில் கேட்டால் வாய்விட்டுச் சொல்ல முடியாத வலி இது. முதுகு என்று பொய் சொல்லி, முதுகில் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டவன் நான். அதனால் இங்கே கொஞ்சம் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் கிளம்பி ஈசிஆரில் கோவளம் வரை போய்த் திரும்புவது வழக்கம். புது ரோடு பைக், அதாவது குனிந்து மிதிக்கிற மெல்லிய டயர் சைக்கிள். முதல் இருபது கிலோமீட்டர் சொர்க்கம். முட்டுக்காடு பாலம் வருவதற்குள் உட்காருமிடம் எரிய ஆரம்பிக்கும். அது பரவாயில்லை. அதற்குப் பிறகு வருவதுதான் பயம்: தொடைகளுக்கு நடுவே எதுவுமே தெரியாது. மரத்துப்போயிருக்கும். பாலத்தில் இறங்கி, மீன் பிடிப்பவர்களைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு, காலை உதறி உதறி நிற்பேன். ஐந்து நிமிடத்தில் எறும்பு ஊர்வதுபோல் உணர்ச்சி திரும்பி வரும்.

நண்பர்கள் சொன்ன முதல் வைத்தியம் ஜெல் கவர். கையால் அமுக்கிப் பார்த்தால் அல்வா மாதிரி இருந்தது. வாங்கிப் போட்டேன். மரத்துப்போவது இருபதாவது கிலோமீட்டரிலிருந்து பன்னிரண்டாவது கிலோமீட்டருக்கு முன்னேறியது! காரணம் பிறகுதான் புரிந்தது. நாம் உட்கார வேண்டியது புட்டத்துக்குள் இருக்கும் இரண்டு எலும்பு முனைகளின் மேல். மெத்தை மிருதுவாக இருந்தால் அந்த இரண்டு முனையும் உள்ளே புதைந்துவிடும். நடுவில் இருக்கும் ஜெல் பிதுங்கி மேலே எழும்பும். அது அழுத்துவது சரியாக நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகிற மெல்லிய இடத்தை. ரேஸ் வண்டிகளின் சீட்டு பலகை மாதிரி இருப்பதைப் பார்த்து, பாவம் எப்படித்தான் ஓட்டுகிறார்களோ என்று நான் பரிதாபப்பட்டதெல்லாம் வீண்.

அடுத்து, அடியில் ஸ்ப்ரிங் வைத்த அகலச் சீட்டு. அது தொடையின் உள்பக்கத்தை உரசி உரசிப் புண்ணாக்கியது. மூன்றாவதாக, நடுவில் பள்ளம் வெட்டிய நல்ல சீட்டு ஒன்று, 155 மில்லிமீட்டர் அகலம், ஒருவர் ஓட்டிவிட்டு விற்றதை வாங்கினேன். மரத்துப்போவது குறைந்தது, ஆனால் போகவில்லை. மேற்கொண்டு உரசலும் சேர்ந்துகொண்டது.

திருப்பம் வந்தது இரண்டு பேரால். ஒருவர் என் பின்னால் ஓட்டிக்கொண்டு வந்த நண்பர். சோழிங்கநல்லூர் சிக்னலில் பக்கத்தில் வந்து நின்று, "பின்னாலிருந்து பார்த்தா உங்க இடுப்பு மாவாட்டுது சார்" என்றார். அதாவது சீட்டு உயரம் அதிகம். பெடல் கீழே போகும்போது கால் எட்டாமல் இடுப்பு அந்தப் பக்கம் சாய்கிறது, அடுத்த சுற்றில் இந்தப் பக்கம். ஒரு மணி நேரத்தில் சில ஆயிரம் முறை சீட்டின்மேல் அரைபட்டால் எந்தத் தோல் தாங்கும்?

அமெரிக்க சைக்கிள் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் காலத்தில் பிரபலமான கணக்கு ஒன்று உண்டு. சுவரோடு ஒட்டி நின்று, கவட்டிலிருந்து தரைவரை அளந்து, அதை 0.883 ஆல் பெருக்க வேண்டும். பெடலைத் தாங்கும் கையான கிராங்க் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை அந்த அளவு வர வேண்டும். எனக்கு 81 செ.மீ. பெருக்கினால் 71.5. என் வண்டியில் இருந்தது 73. ஒன்றரை சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். சட்டைக் காலரில் ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்தால் தெரியாதா? இந்தக் கணக்கு எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது, தொடங்குவதற்கு ஓர் இடம், அவ்வளவுதான். எனக்குப் பொருந்தியது.

இரண்டாவது ஆள், எங்கள் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்ட வந்த கொத்தனார். நான் வராந்தாவில் சைக்கிளை வைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணை மூடி சீட்டு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "கண்ணை நம்பாதீங்க சார்" என்று ரசமட்டத்தை எடுத்து வந்தார். முதலில் தரை மட்டமா என்று பார்த்தார், அதுதான் தொழில். பிறகு மிச்சம் விழுந்த நீளமான டைல்ஸ் துண்டு ஒன்றைச் சீட்டின்மேல் மூக்கிலிருந்து வால் வரை படுக்க வைத்து, அதன்மேல் ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஓடிப்போய் மூக்குப் பக்கம் நின்றது. என் கண்ணுக்கு நேராகத் தெரிந்த சீட்டின் மூக்கு, நன்றாகவே மேலே தூக்கிக்கொண்டிருந்தது. நான் குனியக் குனிய அது என்னைக் குத்திக்கொண்டிருந்திருக்கிறது.

ஆலன் கீயைக் கொடுத்தேன். அவரே மட்டம் பண்ணினார்.

அப்புறம் சந்தேகத்துக்கு மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, அந்த வரிவரி அட்டையை மாடிப்படியில் போட்டு, முழங்கால் உயர உட்கார்ந்து முன்னால் குனிந்தேன். எழுந்து பார்த்தால் இரண்டு குழி. வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் நன்றாகத் தெரியும். நடுவுக்கு நடு 11.8 செ.மீ. அதோடு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூட்டினால் சீட்டின் அகலம். வண்டியோடு கடையிலிருந்து வந்த சீட்டைப் பரணிலிருந்து இறக்கி அளந்தால் 143 மில்லிமீட்டர். மூன்று வருடம் நான் ஊரெல்லாம் தேடியது பரணில் கிடந்திருக்கிறது. இப்போது அதில்தான் ஓட்டுகிறேன். மாமல்லபுரம் போய்த் திரும்பினேன், மரத்துப்போகவில்லை.

உங்களுக்கு என்ன நடந்தது?

திருச்சி

நான் எதையும் மாற்றவில்லை. ஒரு மாதம் வலித்தது, பிறகு பழகிவிட்டது. எல்லாம் மனசுதான் சார்.

வேளச்சேரி

எலும்பு முனையில் வலித்தால் பழகும், நானும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டு ஓட்டினால் போய்விடும். மரத்துப்போவது வேறு. அதைப் பழக்கம் என்று விடாதீர்கள். அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்களுக்கு இதே தொல்லை வந்து, நியோஷ் என்ற அரசு ஆய்வு அமைப்பு அதை ஆராய்ந்து, மூக்கே இல்லாத சீட்டைச் சிபாரிசு செய்யும் அளவுக்குப் போயிருக்கிறது. வேலைக்காக நாள் முழுக்க ஓட்டுகிற திடகாத்திரமான ஆட்களுக்கே அப்படி.

கோயம்புத்தூர்

அண்ணா, உங்கள் பதிவைப் படித்துச் சிரித்தேன், பிறகு கொஞ்சம் கோபமும் வந்தது. நீங்கள் முதுகு என்றாவது பொய் சொன்னீர்கள். எங்கள் குழுவில் நான் ஒருத்திதான் பெண். நான் யாரிடம் என்ன சொல்ல?

எனக்கு வலி பின்னால் இல்லை, முன்னால். சிறுவாணி ரோட்டில் எதிர்காற்று வந்தால் ஹேண்டில்பாரின் கீழ்வளைவான டிராப்பைப் பிடித்துக் குனிவேன். குனிந்தால் இடுப்பெலும்பு முன்னால் உருளும், உடல் எடை எலும்பு முனையை விட்டு மிருதுவான சதைக்கு வந்துவிடும். வீட்டுக்கு வந்து குளிக்கும்போது தண்ணீர் பட்டால் உயிர் போகும். கடையில் கேட்டேன். லேடீஸ் சீட் என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். அகலம், மெத்து, ரோஜா நிறத் தையல். மார்க்கெட்டுக்குப் போய் வர அது சரி. நான் கேட்டது நூறு கிலோமீட்டருக்கு.

அளந்து பார்த்ததில் எனக்கு 13.2 செ.மீ. வந்தது. பெண்களுக்குச் சராசரியாக இந்த எலும்புகள் கொஞ்சம் அகன்று இருக்கும், அது உண்மைதான். ஆனால் அகலம் மட்டும் போதாது. நடுவில் பள்ளம் இருந்த சீட்டு ஒன்றைப் போட்டேன். அந்தப் பள்ளத்தின் ஓரமே கத்திபோல் பட்டது. கடைசியில் குட்டை மூக்குச் சீட்டு கிடைத்தது. பழைய மாதிரிச் சீட்டுகள் 27, 28 செ.மீ. நீளம் இருக்கும். இது 24 செ.மீ. மூக்கு குறைவு, குனிந்தால் குத்துவதற்கு எதுவும் இல்லை. பள்ளமும் அகலமாக, ஓரம் மழுங்கி இருந்தது. அதனால் சீட்டை மாற்றவே வேண்டாம் என்று உங்கள் கதையைப் படிப்பவர்கள் முடிவு கட்டிவிட வேண்டாம். எனக்கு மாற்றித்தான் தீர்ந்தது.

பாதி தீர்ந்தது. மீதிப் பாதி ஹேண்டில்பாரில் இருந்தது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில் பார்க்கிறேன், சீட்டின் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் நகர்ந்து உட்கார்வேன், அடுத்த வளைவில் மறுபடி மூக்குக்கு வந்திருப்பேன். சறுக்குமரம் மாதிரி. சீட்டு சரியாகத்தான் இருந்தது, ஹேண்டில்பார்தான் எனக்கு எட்டாத தூரத்தில் இருந்து என்னை இழுத்துக்கொண்டிருந்தது. ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் 100 மில்லிமீட்டர் ஸ்டெம்மைக் கழற்றி 80 போட்டேன். இப்போது அகலமான இடத்தில் உட்கார முடிகிறது.

இன்னொன்று, இதை ஆண்களும் படிக்கட்டும். மெத்தை வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடக்கூடாது என்று ஒன்றரை வருடம் எனக்கு யாரும் சொல்லவில்லை. பருத்தித் துணி வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே கிடக்கும், தையல் வரி தோலை அறுக்கும். அந்த வெயிலில் எனக்கு வேனல்கட்டி மாதிரி இரண்டு கட்டி வந்தது. இரண்டு வாரம் வண்டியைத் தொடவில்லை. இப்போது வெறும் ஷார்ட்ஸ், உரசும் இடத்தில் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஷார்ட்ஸைக் கழற்றித் துவைப்பது. மேலே ஒரு நீளமான டி-ஷர்ட். பார்ப்பவர்கள் பார்க்கட்டும்.

மதுரை

நான் 61 வயதுக்காரன். மெத்தை, ஜெல், பள்ளம் என்று நீங்களெல்லாம் பேசுவதைக் கேட்டால் எனக்கு அப்பாவின் சைக்கிள்தான் நினைவுக்கு வருகிறது. தோல் சீட்டு. மூக்குக்கு அடியில் ஒரு நட்டு இருக்கும். தொய்ந்துபோனால் ஸ்பானரால் அரைச் சுற்று முடுக்குவார். என்னை முன்பாரில் துண்டு சுற்றி உட்கார வைத்துக்கொண்டு மேலூர் வரை போய் வருவார். அவர் ஒரு நாளும் வலி என்று சொன்னதில்லை. நான் சொன்னேன், பாரில் உட்கார்ந்தவன் நானல்லவா.

ஓய்வு பெற்றதும் பிரவே என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில் 200 கிலோமீட்டர் ஓட்ட ஆசை வந்தது. 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அதற்காக ப்ரூக்ஸ் பி17 தோல் சீட்டு வாங்கினேன். 1866இல் பர்மிங்காமில் தோல் வேலைக்காகத் தொடங்கிய நிறுவனம். ப்ரூக்ஸின் குதிரை செத்துப்போய், அவர் இரவல் சைக்கிளில் வேலைக்குப் போய், அதன் சீட்டு தாங்காமல்தான் சீட்டு செய்யவே ஆரம்பித்தார் என்று அவர்களே கதை சொல்வார்கள். நிஜமோ பொய்யோ, உட்கார முடியாமல் அவதிப்பட்டவன்தான் செய்திருப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வந்த அன்று தட்டிப் பார்த்தேன், தவில் தோல் மாதிரி சத்தம். முதல் முந்நூறு கிலோமீட்டர் தண்டனை. அதற்குப் பிறகு ஒரு நாள் வெயிலில் சாய்த்து வைத்திருந்தபோது கவனித்தேன்: பளபளப்புக்கு நடுவில் இரண்டு மங்கலான குழி. தம்பி அட்டையில் பார்த்த அதே இரண்டு குழி. வலது பக்கக் குழி கொஞ்சம் ஆழம். நான் வலது பக்கம் சாய்ந்து உட்கார்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. எண்ணூறு கிலோமீட்டரில் அது என் சீட்டாகிவிட்டது. வேறு யாரும் உட்கார்ந்தால் திட்டுவார்கள்.

குறை உண்டு. கனம், அரைக் கிலோவைத் தாண்டும். ஐப்பசி மழையில் நனைய விட்டால் தோல் ஊறித் தொய்ந்துவிடும். ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பை ஒன்று எப்போதும் சீட்டுக்கு அடியில் மடித்து வைத்திருப்பேன். மூக்கையும் ஒரு நூல் மேலே தூக்கித்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் வழுக்கும். ரசமட்டம் இங்கே செல்லாது தம்பி.

சேலம்

சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். ஒரே ஒரு விஷயம். எதை மாற்றினாலும் முன்பு இருந்த இடத்தைச் சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டில் இன்சுலேஷன் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒன்றுதான் மாற்ற வேண்டும். உயரம், சாய்வு, முன்னால் பின்னால் மூன்றையும் ஒரே நாளில் திருகிவிட்டு, எது கெடுத்தது என்று தெரியாமல் என்னிடம் வருபவர்கள்தான் அதிகம். ஒற்றை போல்ட் போஸ்ட்டில் சில மாடல்களுக்குப் பல்வரிசை இருக்கும். ஒரு பல் தாண்டினாலே சாய்வு ரொம்ப மாறிவிடும், இடைப்பட்ட அளவு வராது. அப்படிப்பட்டவர்கள் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டு போல்ட் உள்ள போஸ்ட் போட்டால், ஒன்றைத் தளர்த்தி ஒன்றை இறுக்கி இம்மியளவு நகர்த்தலாம். சீட்டு வாங்கும் காசைவிடக் குறைவாகவே முடியும்.

கோயம்புத்தூர்

வேளச்சேரி அண்ணா, அந்த 155 சீட்டு சும்மாதானே கிடக்கிறது? வீட்டுக்குள் டிரெய்னரில், அதாவது நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் தாங்கியில், ஓட்டுகிற பழைய வண்டிக்கு வேண்டும். டிரெய்னரில் எழுந்து நின்று மிதிப்பதே இல்லை, ரோட்டைவிட அங்கேதான் சீக்கிரம் வலிக்கிறது. பள்ளத்தின் ஓரம் மட்டும் எப்படி இருக்கிறது என்று போட்டோ போடுங்கள்.

வேளச்சேரி

ஓரம் மழுங்கல்தான், சாயங்காலம் போட்டோ போடுகிறேன். பார்சல் செலவு மட்டும் கொடுங்கள், போதும். ஸ்ப்ரிங் சீட்டை வாட்ச்மேன் அண்ணன் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டார், அவருக்கு அது அம்சமாகப் பொருந்திவிட்டது. ஜெல் கவரை யாரும் கேட்காதீர்கள். அம்மா அதைப் பூஜை அறை முக்காலியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், எழுந்திருக்கச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.