காரணம் விளங்காத கோளாறு நடுவானில் ஏற்பட்டால் விமானக் குழுவினர் என்ன செய்வார்கள்?

கேள்வி (மன்னார்குடி):
2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குப் புறப்பட்ட விமானம், ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தால் சக்கரம், பிரேக் போன்றவற்றை இயக்கும் அமைப்பு) கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமடித்துப் பத்திரமாகத் தரையிறங்கியது. எங்கள் தெருவில் பல வீடுகளின் பிள்ளைகள் வளைகுடாவில் இருப்பதால், அன்று மாலை தொலைக்காட்சி முன்னாலிருந்து யாரும் எழவில்லை. பழுது இன்னதென்றே விளங்காதபோது விமானி எதை வைத்து முடிவெடுப்பார்? உடனே இறங்காமல் ஏன் சுற்ற வேண்டும்?

பதில் (கும்பகோணம், ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்):
ஐயா, காரணத்தைத் துருவிக் கண்டுபிடிப்பது தரையில் இருக்கும் எங்கள் வேலை. எவையெல்லாம் இன்னும் ஒழுங்காக இயங்குகின்றன என்று உறுதிசெய்து, அவற்றைக் கொண்டு இறங்குவதே விமானிகளின் வேலை. ஒருவர் விமானத்தை ஓட்டுவதிலேயே கண்ணாக இருக்க, மற்றவர் அவசரகாலக் கையேட்டை வரிவரியாக வாசித்துச் சரிபார்ப்பார்.

அன்று பறந்தது போயிங் 737 வகை. எரிபொருளை வானிலேயே வெளியேற்றும் வசதி அதில் கிடையாது. ஹைட்ராலிக் அழுத்தம் நம்பத்தகாத நிலையில், சார்ஜா வரைக்குமான எரிபொருளின் எடையோடு இறங்கி ஓடுபாதைக்குள் நிறுத்துவது கடினம் என்பதால், பறந்தே அதை எரித்துத் தீர்க்க வேண்டியிருந்தது. புகையோ தீயோ இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. எடை அதிகமானாலும் உடனே இறங்கியாக வேண்டும்.

காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்தில், சக்கரத்தை இறக்கியபோது எழுந்த இனம்புரியாத அதிர்வை ஆராய்ந்தபடியே ஒரு டிசி-8 விமானம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுற்றியது. எரிபொருள் குறைவதை விமானி அறையில் உடனிருந்தவர்கள் கேப்டனிடம் சொன்னார்கள், அழுத்திச் சொல்லவில்லை. என்ஜின்கள் அடங்கி விமானம் விழுந்தது. 189 பேரில் 10 பேர் இறந்தனர். இளையவர் துணிந்து சொல்லவும் மூத்தவர் காதுகொடுக்கவும் பழக்கும் பயிற்சி வேரூன்ற அந்த விபத்து முக்கியக் காரணமாயிற்று.

பதில் (தஞ்சாவூர், முன்னாள் விமானப் பணிப்பெண்):
கேபினையும் (பயணிகள் அமரும் பகுதி) இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். என்ன கோளாறு, என்ன செய்யப்போகிறேன், எவ்வளவு நேரம் இருக்கிறது, தனியாக ஏதும் கட்டளை உண்டா என்ற நான்கையும் கேப்டன் எங்கள் தலைமைப் பணியாளரிடம் சொல்வார். அவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டுவார். நாங்களும் "என்ஜின் போய்விட்டது" என்று தீர்ப்புச் சொல்லாமல், "இடது இறக்கைப் பக்கம் தீப்பொறி, ரப்பர் கருகும் வாடை, 15-ஆம் வரிசை" என்று கண்டதைக் கண்டபடி சொல்ல வேண்டும்.

1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே விழுந்த விமானத்தில் பழுதானது இடது என்ஜின். விமானிகள் நிறுத்தியதோ வலது என்ஜினை. வலது என்ஜினில்தான் கோளாறு என்ற கேப்டனின் அறிவிப்பைக் கேட்டும், இடப்புறம் தீப்பொறியைக் கண்டவர்கள் எவரும் விமானிகளுக்கு அதைத் தெரிவிக்கவில்லை. 126 பேரில் 47 பேர் உயிரிழந்தனர். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

கேள்வி (மன்னார்குடி):
இருவருக்கும் நன்றி. அப்படியென்றால் பயணிகளும் சொல்லலாமா, அம்மா?

பதில் (தஞ்சாவூர்):
அவசியம் சொல்லுங்கள். விமானிக்குத் தெரியாமலா இருக்கும் என்று எண்ணிச் சும்மா இருந்துவிடாதீர்கள். இருக்கையை விட்டு எழாமல் அழைப்புப் பொத்தானை அழுத்தி, எந்தப் பக்கம், எந்த வரிசை, என்ன கண்டீர்கள் என்பதை மட்டும் சொன்னால் போதும்.